மூன்றாவது வரிசைக்கு மன்னிப்பு இல்லை

"நான் ஒண்ணும் பங்கு போடலை. பைக்குள்ள கை விட்டு எடுக்கிறேன், எந்த நிறம் வருதோ அது உங்களுக்கு. அப்புறம் மாத்திக் குடுன்னு யாரும் என் பின்னாடி வரக்கூடாது, சொல்லிட்டேன்."

பேருந்தின் நடுவழியில் நின்றுகொண்டு மைத்தே இப்படிக் கத்தியபடியே காகிதக் கிரீடங்களைக் கொடுத்து வந்தாள். எங்களைக் கடற்கரைக்குக் கூட்டிவந்த வழிகாட்டிப் பெண். மலைமேல் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து ஓய்வூதியக்காரர்கள் ஒரு பேருந்து நிறைய வந்திருந்தோம். நவம்பர் மாதம். ஊரில் குழாய்த் தண்ணீர் உறைந்துகொண்டிருக்கும், இங்கே வெறும் சட்டையோடு நடக்கலாம். அன்று மாலை கோட்டை விருந்து. குதிரைவீரர்கள் அந்தக் காலத்து மாதிரி ஈட்டி பிடித்துச் சண்டை போடுவார்கள், நாம் சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாம். எந்த நிறக் கிரீடம் வந்ததோ அந்த நிற வீரனின் பக்கத்தில் உட்கார வேண்டும், அவனுக்காகத்தான் கத்த வேண்டும்.

என் கணவன் காசிமிரோவுக்குச் சிவப்பு வந்தது. எனக்குப் பச்சை.

பின் இருக்கையிலிருந்து எலாடியா எங்கள் இருவருக்கும் நடுவில் முகத்தை நீட்டினாள். கிரீடத்தை அதற்குள் தலையில் மாட்டியிருந்தாள். சிவப்பு.

"என்ன காசிமிரோ, நீயும் நானும் ஒரே ராஜ்ஜியம் போல. வரி எல்லாம் ஒழுங்கா கட்டுவியா?"

"நீ ராணியா இருந்தா ஊரை விட்டே ஓடிடுவேன்" என்றான் அவன். சொல்லிவிட்டு, தோள் குலுங்கச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். எலாடியா எங்கள் ஊர் ரொட்டிக்கடைக்காரரின் விதவை. கணவர் இருந்தவரை, "முழு ரொட்டியா, பாதியா?" என்பதைத் தவிர அவள் வாயிலிருந்து நான் எதையும் கேட்டதில்லை. அவர் போனபிறகு எங்கிருந்துதான் வந்ததோ இத்தனை பேச்சு. கிளம்பிய நாள் முதல் எங்கள் பின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு அவள் எதைச் சொன்னாலும் காசிமிரோ சிரித்தான். சுரங்கப்பாதை வந்தால் அதற்கு ஒன்று சொல்வாள், சிரிப்பான். ஓட்டுநர் தும்மினால் அதற்கு ஒன்று. அதே வார்த்தையை நான் சொன்னால், "சரி, அப்புறம்?" என்று கேட்கிற ஆள்.

"எலாடியா, நீ பச்சையை வாங்கிக்கிட்டு எனக்குச் சிவப்பைக் குடு" என்றேன்.

"ஐயோ, பச்சை எனக்கு ஆகாதுடி. முகத்துக்குப் பக்கத்துல பச்சை வந்தா ஈரல் கெட்டவ மாதிரி இருப்பேன்."

"கிரீடம் காகிதம். யாரு உன் முகத்தைப் பாக்கப் போறா?"

"அதைச் சொல்ல முடியாது. குதிரைக்காரங்க எல்லாம் வயசுப் பசங்களாமே."

காசிமிரோ மறுபடி சிரித்தான். நான் அவன் காதருகே குனிந்தேன்.

"சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவ?"

"அங்க கத்தியும் கிடையாது, முள்கரண்டியும் கிடையாதாம். எல்லாரும் கையாலதான் சாப்பிடணுமாம். எனக்குன்னே வச்ச மாதிரி இருக்கு."

"பாதிக் கோழியைத் தட்டுல வைப்பாங்க. அதைப் பிய்க்க ரெண்டு கை வேணும்."

"பாத்துக்கறேன். ரெண்டு மணி நேரம்தானே. நீ அந்தப் பக்கம் போய் நிம்மதியா உக்காரு."

நிம்மதியாக உட்காரு என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். எனக்கு அது பிடிக்கவில்லை.

விஷயம் இதுதான். ஏப்ரலில் ஒருநாள் காலையில் காபிக் கோப்பை அவன் கையிலிருந்து நழுவியது. மூளையில் சின்ன அடைப்பு என்றார்கள். பேச்சு திரும்பி வந்தது, நடை திரும்பி வந்தது. வலது கை விரல்கள் மட்டும் பாதிவரை மடங்கி அங்கேயே நின்றுவிடுகின்றன. "யாருக்கும் தெரியக்கூடாது ஒப்துலியா" என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே என்னிடம் சத்தியம் வாங்கினான். மதுக்கடையில் சீட்டாடுகிறவர்கள் பரிதாபப்பட்டு விட்டுக்கொடுத்து விளையாடுவார்கள், அதற்குச் செத்துப்போகலாம் என்றான். அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. தட்டு வந்ததும் என் தட்டிலிருக்கும் இறைச்சியை நான் மளமளவென்று நறுக்குவேன். பிறகு, "எனக்கு இவ்வளவு வேண்டாம், உன்னோடதைக் குடு" என்று தட்டை மாற்றுவேன். சுற்றுமுற்றும் ஒரு பார்வை, ஒரு நொடி வேலை. ஓட்டலுக்கு வந்த நாளிலிருந்து ஒவ்வொரு வேளையும் இப்படித்தான். எங்கள் மேசையிலேயே ஆறு பேர் உட்காருவார்கள், எலாடியாவும் சேர்த்து. ஒருவருக்கும் தெரியாது.

வேறு எதில் நான் கெட்டிக்காரி இல்லாவிட்டாலும் இதில் கெட்டிக்காரி. திருமணமாகி இத்தனை வருடத்தில் எங்களுக்கென்று மட்டும் ஒரு ரகசியம் இருந்தது என்றால் அது இதுதான்.

கோட்டை என்று சொன்னது சிமெண்டில் கட்டியது. உள்ளே போனதும் நடுவில் நீளமாக மணல் கொட்டிய களம், சுற்றிலும் படிப்படியாக உயரும் வரிசைகள், ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால் நீளப் பலகை. அதுதான் சாப்பாட்டு மேசை. பச்சைக்கு நேர் எதிரே சிவப்பு. காசிமிரோவும் எலாடியாவும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்ததை நான் உட்காருவதற்கு முன்பே பார்த்துவிட்டேன். அவளுடைய ஊதாக் கம்பளிச் சட்டையைத் தவறவிட முடியாது. எனக்குச் சென்ற வருடம் கண்புரை எடுத்தார்கள். ஊசியில் நூல் கோக்க வராது, ஆனால் தூரத்தில் ஓர் ஈ உட்கார்ந்தாலும் தெரியும்.

என் பக்கத்தில் அபுந்தியோ உட்கார்ந்தார். எங்கள் ஊரில் முடிவெட்டும் கடை வைத்திருந்தவர், இப்போது கடையைப் பூட்டிவிட்டு வாயை மட்டும் திறந்து வைத்திருக்கிறார்.

"ஆறு மணிக்கு ராத்திரிச் சாப்பாடா? எந்த ஊர் நியாயம் இது ஒப்துலியா?"

"வெளிநாட்டுக்காரங்க நேரம். மைத்தே சொன்னா."

"எனக்கு மத்தியானம் சாப்பிட்டதே இன்னும் தொண்டையில நிக்குது. அந்தக் காலத்து ராஜாக்கள் ஆறு மணிக்கா சாப்பிட்டாங்க?"

"போய் அவங்களைக் கேளுங்க."

"நீ ஏன் எரிஞ்சு விழுற?"

"எரிஞ்செல்லாம் விழல."

எக்காளம் ஊதியது. கறுப்பு மேலங்கியும் ஒட்டுத் தாடியுமாக ஒருவர் களத்துக்கு வந்து ஒலிவாங்கியில் பேசினார். அவர்தான் பிரபுவாம். விதிகளைச் சொன்னார்: கையால் சாப்பிட வேண்டும், தன் வீரனை வாழ்த்த வேண்டும், எதிரியை ஏச வேண்டும். வீரன் ஒருவன் கீழே விழுந்துவிட்டால் அவன் உயிரைக் காப்பாற்ற விரும்புகிறவர்கள் மடியிலிருக்கும் வெள்ளைத் துணியை எடுத்து ஆட்ட வேண்டும். இந்தக் கடைசி விதி எங்கள் ஆட்கள் யார் காதிலும் விழவில்லை. சூப் வந்துகொண்டிருந்தது.

சூப்பைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடிக்க வேண்டும். எதிரே காசிமிரோ இடது கையால் தூக்கிக் குடித்தான். நன்றாகத்தான் குடித்தான். எலாடியா ஏதோ சொல்ல, குடித்ததில் பாதி மூக்கு வழியாக வந்தது.

குதிரைகள் ஓடின. பச்சை வீரன் தொங்கும் வளையத்தை ஈட்டியால் குத்தி எடுத்தான் என்று அபுந்தியோ சொன்னார்.

"பாத்தியா? ஒரே குத்து!"

"ம்."

"எங்க பாக்குற நீ? நம்ம குதிரை இந்தப் பக்கம் இருக்கு."

"எதிரியைக் கவனிக்கிறேன்."

"எதிரி குதிரை மேல இருக்கான். நீ எதிர் வரிசையைப் பாக்குற."

கோழி வந்தது. ஆளுக்குப் பாதி, சுட்டு, தோல் மினுமினுக்க. அபுந்தியோ கோழியின் காலைத் திருகிப் பிடுங்கினார், "இதுக்குத்தான் கடவுள் கையைக் குடுத்தான்" என்றபடி. நான் என் கோழியைத் தொடவில்லை. எதிரே அவன் தட்டை மட்டும் பார்த்தேன். என்ன செய்யப்போகிறான்? இடது கையால் முழுதாகத் தூக்கிக் கடிப்பானா? கீழே போட்டுவிடுவானா? அங்கே போய்விடலாமா, நடுவில் மணல், குதிரை, எப்படிப் போவது?

எலாடியா அவன் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

கேட்கவில்லை. அவனைப் பார்க்கக்கூட இல்லை. களத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டே, கோழியின் தொடையை ஒரு திருகு, மார்பை இரண்டாக ஒரு கிழி, இறக்கையை ஒடித்து ஒரு பக்கம். மாவு பிசைந்த கை அல்லவா. பெரிய பெரிய துண்டுகளோடு தட்டை அவன் முன்னால் தள்ளினாள். அவன் தொடையை இடது கையில் எடுத்து, தலையைப் பின்னால் சாய்த்து, பல்லால் இழுத்துத் தின்றான். தாடை முழுக்க எண்ணெய்.

அப்படியானால் அவளிடம் சொல்லியிருக்கிறான்.

என்னிடம் சத்தியம் வாங்கியவன், எங்கள் மகனிடம்கூடச் சொல்லாதே என்றவன், அவளிடம் சொல்லியிருக்கிறான். எப்போது? நான் ஓட்டல் அறையில் காலைத் தூக்கிப் போட்டுப் படுத்திருந்த மத்தியானமா? கடற்கரையில் நான் செருப்பில் மணலைத் தட்டிக்கொண்டிருந்தபோது இவர்கள் இரண்டு பேரும் முன்னால் நடந்து போனார்களே, அப்போதா? கையைக் காட்டினானா? அவள் தொட்டுப் பார்த்தாளா?

முத்தம் கொடுத்திருந்தால்கூட அவ்வளவு எரிந்திருக்காது என்று நினைக்கிறேன். இந்த வயதில் முத்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சிவப்பு வீரன் தன் பக்கத்துப் பெண்களுக்குப் பூ வீசினான். ஒவ்வொன்றாகக் கார்னேஷன் பூ. ஒன்று எலாடியாவிடம் போனது. எட்டிப் பிடித்தாள். பிடித்ததைத் தன் தலையில் வைத்துக்கொண்டாளா? இல்லை. காசிமிரோவின் காதில் செருகினாள். அவன் தலையை ஆட்டி ஆட்டிக் காட்டினான், அந்த வரிசை முழுக்கக் கைதட்டியது.

நான் எழுந்துவிட்டேன்.

"குத்துடா அவனை! அந்தச் சிவப்புப் பயலைக் குத்து! குதிரையிலேர்ந்து கீழ தள்ளு!"

"அப்படிப் போடு!" என்றார் அபுந்தியோ. "இப்பதான் விளையாட்டு புரிஞ்சிருக்கு உனக்கு."

"பூ குடுக்கறானாம் பூ! வெக்கம் கெட்டவன்! வீட்டுல சொன்ன பேச்சு ஒண்ணு, வெளியில ஒண்ணு!"

"குதிரைக்காரன் வீட்டுல என்ன சொன்னான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

நான் இன்னும் கத்தினேன். பச்சை வரிசைகள் மொத்தமும் என்னைப் பார்த்துச் சேர்ந்து கத்தின. அப்படியொரு ஆதரவு அந்தப் பச்சை வீரனுக்கு அதற்கு முன் கிடைத்திருக்காது. இரண்டு வீரர்களும் குதிரையை விட்டு இறங்கி வாளோடு வாள் மோதினார்கள், தீப்பொறிகூட வந்தது. கடைசியில் சிவப்பு வீரன் மண்டியிட்டு, பிறகு மல்லாந்து மணலில் விழுந்தான். பச்சை வீரன் அவன் நெஞ்சில் கால் வைத்து வாளைத் தூக்கினான்.

அப்போதுதான் எங்கள் ஊர்க்காரர்கள் அந்தத் தவற்றைச் செய்தார்கள்.

எங்கள் ஊர்த் திருவிழாவில் காளைச் சண்டை நடக்கும். சண்டைக்காரன் நன்றாகச் செய்தான் என்றால் எல்லாரும் எழுந்து வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டுவோம், தலைவர் அவனுக்குக் காளையின் காதை வெட்டிப் பரிசு கொடுக்கச் சொல்லுவார். பிறந்ததிலிருந்து அந்தப் பழக்கம். பச்சை ஜெயித்ததும் அபுந்தியோ மடியிலிருந்த துணியை எடுத்து ஆட்டினார். "காது! காது குடு!" அவரைப் பார்த்து எங்கள் பேருந்துப் பச்சைக்காரர்கள் அத்தனை பேரும் எழுந்து ஆட்டினார்கள். எதிரே சிவப்புக்காரர்கள் தங்கள் ஆளைக் காப்பாற்ற ஆட்டினார்கள். மற்ற நிறங்களில் இருந்த வெளிநாட்டுக்காரர்களும் இதுதான் வழக்கம்போல என்று ஆட்டினார்கள். மண்டபமே வெள்ளையாகிவிட்டது.

பிரபு திணறிப்போனார்.

"என்ன இது? ஜெயித்தவன் பக்கமே எதிரிக்கு உயிர்ப்பிச்சை கேட்கிறதா? இப்படி ஒரு கருணை நிறைந்த... ஒரு நிமிடம். அங்கே ஓர் அம்மாள் மட்டும் ஆட்டவில்லையே!"

நான் மட்டும்தான் ஆட்டவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன். சுழல் விளக்கு ஒன்று என் முகத்தில் வந்து நின்றது.

"அந்தப் பச்சைக் கிரீடத்து மகாராணி! இவனுடைய தலை வேண்டும் என்று கேட்கிறவர் நீங்கள் ஒருவர்தான். இறங்கி வாருங்கள். தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்!"

"போ, போ" என்று அபுந்தியோ என்னைத் தள்ளினார். "காதையும் கேட்டு வாங்கிட்டு வா."

மணலில் நடப்பது கஷ்டம். பச்சை வீரன் வாளை உறையில் போட்டுவிட்டு வந்து என் முழங்கையைப் பிடித்துக் கூட்டிப்போனான். சிவப்பு வீரன் மறுபடி எழுந்து மண்டியிட்டு, தலையைக் குனிந்து காத்திருந்தான். பக்கத்தில் போனதும் தலையைத் தூக்காமல் முணுமுணுத்தான்.

"அம்மா, சீக்கிரம் சொல்லுங்கம்மா. முட்டி போன வாரமே வீங்கிடுச்சு. இந்த மணல்ல குத்துது."

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"காட்டினேன், ரெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க. அடுத்த ஷோ எட்டரைக்கு இருக்கும்மா."

பிரபு ஒலிவாங்கியை என் வாய்க்கு நேரே நீட்டினார்.

"மகாராணி, இந்த மனிதன் உங்களுக்கு என்ன கெடுதல் செய்தான்?"

நான் நிமிர்ந்தேன். சிவப்பு வரிசைகள் எனக்கு எதிரே பத்தடி தூரத்தில் இருந்தன. மூன்றாவது வரிசை. காதில் பூ, தாடையில் எண்ணெய், கையில் இறக்கை. ஏப்ரலிலிருந்து அவன் முகத்தில் நான் பார்க்காத ஒன்று அங்கே இருந்தது, அதை அங்கே கொண்டுவந்தது நான் இல்லை. அவளும் பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தாள்.

"இவன் ஒண்ணும் செய்யல" என்றேன். என் குரல் மண்டபம் முழுக்கப் போய்த் திரும்பி வந்தது. "குதிரைக்காரப் பையனுக்கு மன்னிப்பு. முட்டி வலிக்குதாம், எழுந்திருக்கச் சொல்லுங்க. மூணாவது வரிசையில கோழி திங்கிறானே ஒருத்தன், காதுல பூ வச்சுக்கிட்டு, அவனுக்குத்தான் மன்னிப்பு கிடையாது. அவன் என் புருஷன். பக்கத்துல இருக்கறவ இல்ல, நான்தான் பொண்டாட்டி!"

மண்டபம் வெடித்தது. வெளிநாட்டுக்காரர்களுக்கு யாரோ மொழிபெயர்த்துச் சொல்ல, அவர்கள் பலகையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். சுழல் விளக்கு என்னை விட்டுவிட்டு மூன்றாவது வரிசையைத் தேடிப் போனது. காசிமிரோவின் மேல் நின்றது. அவன் கண் கூசியது. முகத்தை மறைக்க இரண்டு கையையும் தூக்கினான். பாதி மடங்கிய விரல்கள் வெளிச்சத்தில் அப்படியே நின்றன. சட்டென்று அந்தக் கையை இறக்கிப் பலகைக்கு அடியில் ஒளித்தான்.

மண்டபமே சிரித்தபோது எங்கள் ஊர்க்காரர்கள் மட்டும் சிரிக்கவில்லை. சிவப்பிலும் சரி, பச்சையிலும் சரி. ஒவ்வொருவரும் தங்கள் தட்டில் ஏதோ விழுந்துவிட்டது போலக் குனிந்து பார்த்தார்கள். நடு மணலில் நின்றுகொண்டு நான் அதைப் பார்த்தேன், எனக்குப் புரியவில்லை.

பேருந்தில் ஏறியதும் அவன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தான். பூ காதில் இல்லை.

"சொல்லிடு" என்றேன். "எப்ப சொன்ன அவகிட்ட?"

"எதை?"

"கையை."

"நான் யார்கிட்டயும் சொல்லல."

"பொய். தட்டை இழுத்தாளே, கேக்காம? பிய்ச்சாளே?"

"அடியே ஒப்துலியா" என்று பின்னாலிருந்து எலாடியா குரல் வந்தது. இந்தத் தடவை முகத்தை நீட்டவில்லை. "அவன் ஒண்ணும் சொல்லல. நாலு நாளா ஒரே மேசையில உக்காந்து சாப்பிடுறோம். வேளாவேளைக்கு ரெண்டு பேரும் தட்டை மாத்திக்கறீங்க. என்ன, எங்களுக்குக் கண்ணு இல்லையா?"

"நீ பாத்தியா?"

"நான் மட்டுமா? எல்லாரும்தான். நீ கத்தியை எடுத்தா நாங்க எல்லாம் ஜன்னலைப் பாப்போம். நேத்து மீன் வந்தப்போ அபுந்தியோ அந்தச் சுவத்துக் காலண்டரை எவ்வளவு நேரம் படிச்சாரு தெரியுமா? ரெண்டு வருஷத்துக்கு முந்தின காலண்டர் அது."

"அதுல ஒரு நல்ல படகு இருந்தது" என்றார் அபுந்தியோ, வழிக்கு அந்தப் பக்கத்து இருக்கையிலிருந்து.

எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் என்று நான் கட்டிவைத்திருந்த வீட்டுக்குச் சுவரே இல்லை என்று சொல்கிறார்கள். நாலு நாளாக எல்லாரும் தெருவில் நின்று பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி போயிருக்கிறார்கள். காசிமிரோவைத் திரும்பிப் பார்த்தேன்.

"உனக்குத் தெரியுமா, இவங்களுக்குத் தெரியும்னு?"

"ரெண்டாவது நாளே தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீ அவ்வளவு மும்முரமா இருந்த."

"யாருக்கும் தெரியக்கூடாதுன்னு நீதானே சொன்ன?"

"ஏப்ரல்ல சொன்னேன். இப்ப நவம்பர்."

"நவம்பர்ல மனசு மாறிச்சுன்னா எனக்கு எப்படித் தெரியும்? அவகிட்ட மட்டும் பிய்ச்சுக் குடுன்னு கேக்கத் தெரியுது."

"கேக்கல. அவளா பிய்ச்சா." பிறகு, என்னிடம் சொல்கிறானா பேருந்திடம் சொல்கிறானா என்று தெரியாத குரலில் சொன்னான்: "பெரிசு பெரிசா பிய்ச்சா."

"என்னது?"

"நீ சின்னதா வெட்டுற, ஒப்துலியா. பல்லு முளைக்காத குழந்தைக்கு வெட்டுற மாதிரி. ஏழு மாசமா நான் இறைச்சியைக் கடிச்சே பாக்கல. முழுங்கறேன். அதோட, வெட்டும்போது சுத்திமுத்தும் பாக்குற. திருடுற மாதிரி. அவ யாரையும் பாக்கல. குதிரையைப் பாத்துக்கிட்டே பிய்ச்சா."

அதற்குமேல் அபுந்தியோவால் தாங்க முடியவில்லை.

"அது உண்மைதான் ஒப்துலியா. நீ வெட்டுறதைப் பாத்தா எனக்குப் பிடரி முடிக்குக் கத்திரி போடுற மாதிரி இருக்கும்."

"நீங்கதான் காலண்டர் பாத்துக்கிட்டு இருந்தீங்களே!"

"ஓரக்கண்ணால."

"சின்னதா வெட்டினாதான் சீக்கிரம் ஜீரணமாகும்" என்று முன்னாலிருந்து ஒருத்தி எனக்காகப் பேசினாள். "மாடா அவன், பெரிசா போட?"

"ஆம்பளைக்குப் பெரிசாத்தான் போடணும்" என்று இன்னொருவர். "பச்சைக்காரங்க எல்லாம் சின்னத் துண்டு கட்சிதான். அதான் காது கிடைக்கல."

"சிவப்புக்குத் தலையே போயிருக்கும், எங்க ஆளு மன்னிச்சதால தப்பிச்சீங்க."

ஓட்டல் வரும்வரை பேருந்து இரண்டாகப் பிரிந்து இதையே பேசியது. என் கணவனின் வாயில் போகிற துண்டு எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்று முப்பது பேர் சண்டை போடுகிறார்கள், நடுவில் அவன் உட்கார்ந்து சிரிக்கிறான். ஏப்ரலில் இதற்காகச் செத்துப்போகிறேன் என்றவன். பெரிய துண்டு வேண்டும் என்று என்னிடம் ஏழு மாதத்தில் ஒருநாள் சொல்லியிருக்கலாம். இன்னொருத்தி செய்துகாட்டிய பிறகுதான் சொல்லத் தோன்றியதா? எலாடியா பேருந்தை விட்டு இறங்கும்போது, "கோபமாடி?" என்று கேட்டாள். "எதுக்குக் கோபம்?" என்றேன். கோபமாகத்தான் இருந்தேன்.

மறுநாள் மத்தியானம் பன்றி இறைச்சி, எலும்போடு. தட்டுகள் வந்தன. மேசையில் இருந்த மற்றவர்கள் எல்லாரும் பழக்க தோஷத்தில் வேறு பக்கம் திரும்பினார்கள். அபுந்தியோ காலண்டரைப் பார்த்தார்.

"யாரும் திரும்ப வேண்டாம்" என்றேன். காசிமிரோவின் தட்டை, என்னுடையதை அல்ல, அவனுடையதையே, எல்லாரும் பார்க்க என் முன்னால் இழுத்தேன். கத்தியை எடுத்தேன். "எவ்வளவு பெரிசு?"

"இன்னும் கொஞ்சம்" என்றான் அவன். "இன்னும். ஆங், அவ்வளவுதான்."

"தொண்டையில அடைச்சா என்னைக் கேக்காத."

"அடைச்சா முதுகுல தட்டு."

வெட்டினேன். தட்டைத் தள்ளினேன். அவன் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மெதுவாக, கன்னம் உப்ப, கடித்தான். கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. நல்ல சத்தம்தான்.

உடனே நான் எலாடியாவைப் பார்த்தேன். அவள் உப்பு வேண்டும் என்று பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. நேற்றுவரை நாலு நாளாகப் பார்த்தவள், இதை மட்டும் பார்க்கவில்லை.

"எலாடியா" என்று கூப்பிட்டேன். "உப்பு இங்க இருக்கு. இந்தப் பக்கம் திரும்பு."